எதை எதோடு

கல்மண்டபம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
பெயிண்டும் ஆணியும் பைப்பும் விற்கிற கடையில்
பசை அலமாரி என் பொறுப்பு.
பேர் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.
"நல்லா ஒட்றதா ஒண்ணு குடும்மா" என்பவரைத்தான்
நிற்க வைத்துக் கேட்பேன்:
எதை, எதோடு?

அட்டையை அட்டையோடா,
ரெக்சினைத் துணியோடா,
கண்ணாடிக் கல்லை ஜாக்கெட்டோடா,
மழையில் நனையுமா, வியர்வை படுமா,
ஒருநாள் கூத்துக்கா, வருஷக் கணக்குக்கா.
பாதிப் பேர் அதற்குள் பொறுமையிழந்து
பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

இன்னாசி போகவில்லை.
நான் சாப்பிடப் போயிருந்த நேரம்
செருப்புப் பசை ஒரு டியூப் தானே எடுத்து
கல்லாவில் காசு வைத்துவிட்டுப் போனவர்
மறுநாள் ஒரு தெர்மகோல் இறக்கையோடு வந்தார்.
கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம்,
வானதூதர் வேஷம் ஃபிலோமினாவுக்கு.
இறக்கையெங்கும் பள்ளம் பள்ளமாய்
எலி கடித்த மாதிரி.
"தின்னுட்ச்சிம்மா," என்றார்.
"ஒட்றதுக்கு வாங்னா தின்னுட்ச்சி."

தின்னும்தான்.
தோலையும் ரப்பரையும் பிடிப்பதற்குப் பிறந்தது அது.
இரண்டு பக்கமும் தடவி
விரல் வைத்தால் ஒட்டாத வரைக்கும்
தனித்தனியே காயவிட்டு
பிறகு ஒரே அழுத்து.
தெர்மகோலிடம் மட்டும் அதற்கு இரக்கமில்லை.

வெள்ளைப் பசை கொடுத்தேன், தச்சர்கள் வாங்குவது.
அவசரம் தெரியாதது.
கடல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது,
மழை வேறு விட்டபாடில்லை,
தீப்பெட்டிகூட நமத்துப்போகிற டிசம்பர்.
ஒரு இறக்கைக்கு ஒரு ராத்திரி முழுக்க
ஃபேனுக்குக் கீழே வையுங்கள் என்றேன்.
இறக்கை இரண்டு.
அவரிடம் இருந்தது ஒன்றரை ராத்திரி.

"மேகத்துக்குப் பஞ்சு ஒட்டணுமே,
அந்த ஒரு சொட்டுப் பசை போட்டா
பட்டுனு புட்ச்சிக்குமில்ல?"
பிடிக்கும். புகையும்.
பஞ்சில் அது பட்டால் சூடேறும் என்பதை
எந்த டியூபிலும் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.
கட்டைவிரலைக் காட்டினேன்.
நகத்தடியில் இன்னும் வழவழப்பாய் ஒரு வட்டம்.
அவர் டியூபைத் திரும்ப வைத்துவிட்டார்.

கடை சாத்துகிற நேரத்துக்கு மறுபடியும்.
இந்தமுறை வெல்வெட் அங்கி,
புரசைவாக்கத்தில் வாடகைக்கு எடுத்தது.
அதில் ஐம்பது ஜரிகை நட்சத்திரம் ஒட்ட வேண்டுமாம்.
எதுவும் விற்க மாட்டேன் என்றேன்.
முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.
திருப்பித் தரவேண்டிய துணியில் பசை ஆகாது,
நாலு தையல் போடுங்கள், அறுத்தால் வந்துவிடும்.
அந்த அலமாரியில்
ஒட்டுவதற்குப் பத்தொன்பது வகை இருக்கிறது.
ஒட்டியதை எடுப்பதற்கு
தூசி படிந்த ஒரே ஒரு தின்னர் பாட்டில்.

இருபத்தாறாம் தேதி
கேக் பொட்டலத்தோடு வந்தார்.
இரண்டாவது காட்சியில் ஒரு இறக்கை விழுந்துவிட்டதாம்.
ஃபிலோமினா குனிந்து எடுத்து
அக்குளில் இடுக்கிக்கொண்டு
இடையர்களுக்குச் சொல்ல வேண்டியதை
ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தாளாம்.
ஜனம் கைதட்டியதாம்.

"எந்தப் பக்கம்?" என்றேன்.
"எடது."
"ரெண்டாவதா ஒட்டினது?"
அவர் கேக்கைப் பார்த்தார்.
"கரண்ட் போய்ட்ச்சிம்மா."

பிறகு வெள்ளைப் பசையில் பெரிய டப்பா கேட்டார்.
ஈஸ்டருக்கு இப்போதே ஆரம்பிக்கிறார்களாம்,
கல்லறை செய்யணும், வாசலுக்கு ஒரு கல்.
கல்லும் தெர்மகோல்தான்.
பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்:
கல்லை எதோடு ஒட்டணும்?

இன்னாசி சிரித்த சிரிப்பில்
முதலாளி மறுபடி நிமிர்ந்தார்.
"அத்த ஒட்டவே கூடாதும்மா.
அது பொரளணும்."